47 வயது, தாறுமாறான மாதவிலக்கு, காரணம் தெரியாத பயம்: யாரைப் பார்ப்பது?

கேள்வி: சிவகாசி மேசை

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்கிறேன். வயது 47. உடம்பைப் பற்றிக் கேட்பதா, மனத்தைப் பற்றிக் கேட்பதா என்றே எனக்குப் புரியவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று தொடங்கினால் தை பிறக்கும்வரை அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. தினசரி காலண்டரின் ஒரு தாளுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது காலையில் அதைக் கிழித்துப் போடுகிறவர்களுக்குத் தெரியாது. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, திதி, நட்சத்திரம், அவை எந்த மணிக்கு முடிகின்றன, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். இப்படி 365 தாள்கள். ஒருவர் மூலத்தை வாசிக்க வேண்டும், இன்னொருவர் அச்சுப்படியோடு ஒப்பிட வேண்டும். உத்திராடம் வரவேண்டிய இடத்தில் உத்திரட்டாதி விழுந்திருந்தால் என் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். இந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது, நாலு பேர் மத்தியில் மரியாதையும் வாங்கித் தந்தது.

இப்போது வரி கண்ணில் படுகிறது, மனத்தில் ஏற மறுக்கிறது. கூட வேலை பார்க்கும் பெண் வாசித்துக்கொண்டே போவாள். "நில், இன்னொரு முறை சொல்" என்பேன். இன்னொரு முறை சொன்னாலும் அதே கதைதான். தெரிந்த சொற்கள் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகின்றன. என் மாமியாருக்கு மறதி நோய் வந்து, கடைசியில் பெற்ற பிள்ளையையே "நீ யாரப்பா" என்று கேட்டார். படுக்கையில் அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். அதனால் ஒரு பெயர் மறந்தால்கூட எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

மாதவிலக்கு இரண்டு ஆண்டுகளாக எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. சில முறை இருபது நாளிலேயே வந்து நிற்கிறது, சில முறை ஐம்பது நாள் ஆகிறது. வந்தால் கொட்டித் தீர்க்கிறது. கட்டி கட்டியாகப் போகிறது. அலுவலகத்துக்கு மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போகிறேன். இதற்கு நடுவே அந்தச் சூடு. நெஞ்சுக்குழியிலிருந்து கிளம்பி, கழுத்து, கன்னம், காதுமடல் என்று ஏறும். முகத்தில் வியர்வை பொட்டுப் பொட்டாக நிற்கும். கையில் இருக்கும் தாள் நனையும். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கி, பிறகு குளிர் எடுக்கும். பக்கத்து மேசைக்காரர் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லுவார், எனக்கு அவரை அடித்துவிடலாம் போல இருக்கும்.

அந்தக் கோபம்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. நான் கத்திப் பேசுகிறவள் இல்லை. பிளஸ் டூ படிக்கிற மகள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் வைத்ததற்கு அடுப்படியே அதிரும்படி கத்தினேன். அவள் அழவில்லை, என்னை வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அச்சகத்தில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதியாகத் தோன்றுகிறது. இல்லை என்று அறிவு சொல்கிறது, மனம் கேட்பதில்லை. விடிகாலை மூன்று மணிக்குக் கண் திறந்துகொள்கிறது. நெஞ்சு படபடக்கிறது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு மருத்துவரைப் பார்த்தேன். நான் பேசி முடிப்பதற்குள் சீட்டை எழுதிவிட்டார். "இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான் அம்மா, கோயில் குளம் என்று போய் வாருங்கள்" என்றார். தூக்க மாத்திரை கொடுத்தார். கணவர் டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். நல்ல மனிதர். ஆனால் "உனக்கு என்னதான் வேண்டும், சொல்" என்று கேட்கிறார். அது தெரிந்தால் நான் ஏன் இங்கே எழுதுகிறேன்?

மாதவிலக்கு நிற்பதற்கும் மனம் இப்படி ஆவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதா, மனநல மருத்துவரைப் பார்ப்பதா? இது மாமியாருக்கு வந்த நோயின் தொடக்கமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில இரவுகளில், விடியாமலே போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

தங்கச்சி, உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேராகவே கேட்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்று யோசித்துப் பார்த்ததுண்டா? ஆம் என்றால், இந்தப் பதிலை முழுதாக வாசிக்கும் முன் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வழி எதையும் யோசிக்கவில்லை என்றாலும், வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரை அட்டையை இன்றே கணவர் கையில் கொடுத்து, இரவுக்கு ஒன்று மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். "விடியாமலே போகலாம் என்று தோன்றுகிறது" என்று அதே சொற்களில் அவரிடம் சொல்லுங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற மனிதரிடம் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.

இப்போது மற்றவை. அரசு மருத்துவமனையில் மகளிர் புறநோயாளிப் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. உதிரப்போக்கு என்று வருவார்கள். சீட்டு எழுதும்போது பக்கத்தில் நின்று "தூக்கம் எப்படி?" என்று கேட்டால் போதும், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவார்கள். அத்தனை பேரும் வயிற்றைக் காட்டத்தான் வந்திருப்பார்கள். மனத்தைக் காட்டலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

தொடர்பு உண்டு. உறுதியாக உண்டு. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்கிறோம். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் அது வருகிறது. மேலை நாடுகளில் 51. நீங்கள் இருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில். சிலருக்கு இது நாலு ஆண்டு, சிலருக்கு எட்டு ஆண்டுகூட நீளும். இந்தக் கட்டத்தில் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு வாரம் உச்சத்துக்கு ஏறும், மறு வாரம் அடியோடு இறங்கும். கர்ப்பப்பைக்கு மட்டும் அந்த ஹார்மோன் வேலை செய்வதாக நினைக்கிறோம். மூளையில் மனநிலையையும் தூக்கத்தையும் கவனத்தையும் பார்த்துக்கொள்ளும் செரட்டோனின் போன்ற பொருள்களும் அதன் செல்வாக்கில்தான் இருக்கின்றன. அது ஏறி இறங்கும்போது இவையும் ஆட்டம் காண்கின்றன. உடல் சூட்டைக் கண்காணிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி, துளி வெப்பம் கூடினாலே பெரிதாக எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. உங்கள் நெஞ்சுக்குழிச் சூடு அங்கிருந்துதான் வருகிறது.

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாக, கோபமாக, சந்தேகமாக வருகிறது. மெல்போர்னில் பணியாற்றும் மனநல மருத்துவர் ஜெயஸ்ரீ குல்கர்னியும் அவர் குழுவினரும் இந்தக் கட்டத்து மனச்சோர்வுக்கென்றே மெனோ-டி என்ற அளவுகோலை உருவாக்கி 2018இல் வெளியிட்டார்கள். அதில் 12 கூறுகள். எரிச்சல் ஒன்று, ஞாபகக் குறைவு ஒன்று, கவனமின்மை ஒன்று, பிறர் தனக்கு எதிராக இருக்கிறார்கள் என்ற எண்ணமும் ஒன்று. அச்சகத்தில் இருவர் கிசுகிசுத்தால் உங்களுக்குத் தோன்றுவது அதில் அப்படியே இருக்கிறது. உங்கள் குணம் கெட்டுப்போய்விடவில்லை.

மறதி பற்றி. அமெரிக்காவில் 1990களின் நடுவில் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வு இருக்கிறது. இந்த இடைக்கட்டத்தில் புதிதாக ஒன்றைக் கற்று மனத்தில் நிறுத்தும் வேகம் மந்தமாகிறது, மெனோபாஸ் கடந்தபின் அது மீள்கிறது என்று அதில் தெரியவந்தது. மறதி நோய் 47 வயதில் தொடங்குவது மிக அரிது. சொல் மறந்ததை நினைத்து நீங்கள் பதறுகிறீர்களே, மறதி நோய் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் மறந்தது என்பதே தெரிவதில்லை. மாமியாரிடம் அதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

யாரைப் பார்ப்பது? இருவரையும். முதலில் மகப்பேறு மருத்துவர், ஏனென்றால் 45 வயதுக்கு மேல் கட்டி கட்டியாகப் போனால் கர்ப்பப்பையை ஸ்கேன் செய்து, உட்சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, பி12 நான்கையும் கேட்டு வாங்குங்கள். இரத்தம் குறைந்தாலே படபடப்பும் களைப்பும் மந்தமும் வரும். தைராய்டு கெட்டாலும் இதே கோலம்தான். உங்கள் வயதில் மெனோபாஸ்தானா என்று பார்க்கத் தனி ஹார்மோன் பரிசோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. மாதவிலக்கும் அறிகுறிகளுமே போதும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. மகளிர் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே இடம் என்பதால் அலைச்சல் குறையும்.

போகும் முன் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். விலக்கு வந்த தேதி, போக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு விழிப்பு, கோபம் வந்த நாள். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பேச ஆரம்பித்ததும் மருத்துவர் சீட்டை எழுதினால், நோட்டை மேசைமேல் வைத்து "இதைப் படித்துவிட்டு எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு கேள்வி. குழந்தை பிறந்தபின் எப்படி இருந்தீர்கள்?

பதில்: பழைய பாதை

சகோதரிக்கு வணக்கம். எங்கள் அம்மா ஏழு பிள்ளை பெற்றவர். வயலுக்கும் போனார், இரவில் மாவும் ஆட்டினார். மெனோபாஸ் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. உழைப்பு குறைந்ததும் நோய் கூடிவிட்டது. அதிகாலை எழுந்து நடங்கள், எள்ளும் உளுந்தும் சேர்த்துக்கொள்ளுங்கள், மனம் தானாகச் சரியாகும். மாத்திரைக்குள் விழுந்துவிடாதீர்கள் என்பது என் பணிவான கருத்து.

பதில்: மணிலாக்காடு

ஐயா, நடப்பதும் உளுந்தும் நல்லதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா காலத்தில் இது இல்லை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்தக் காலத்தில் பதினெட்டில் கல்யாணம், இருபதுக்குள் தலைப்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்தில் பெண் பார்த்தால் அம்மாவுக்கு வயது என்ன? 45. சரியாக மருமகள் வீட்டுக்குள் கால் வைக்கிற நேரத்தில்தான் மாமியாருக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது, உடம்பு எரிந்திருக்கிறது, யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வந்திருக்கிறது. அதை நாம் மாமியார் கொடுமை என்று சொல்லி வைத்தோம். என் பாட்டி அந்த வயதில் சாமி வந்து ஆடினார். கோடாங்கி அடித்தார்கள். கிணற்றில் விழுந்த பெண்களை வயிற்றுவலி தாங்காமல் விழுந்தாள் என்று ஊரில் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த வயது என்று யார் கணக்கெடுத்தார்?

தங்கை, என் கதையைச் சொல்கிறேன். திருவண்ணாமலைப் பக்கம் எங்களுக்கு மணிலாக் காடு, அதாவது நிலக்கடலை. 39 வயதில் அதிக உதிரப்போக்கு என்று ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். "இனித் தொல்லை இல்லை" என்று அனுப்பினார்கள். தையல் பிரிக்கும் முன்பே எனக்கு உடம்பு பற்றி எரிய ஆரம்பித்தது. வெயிலில் களை எடுத்தபோது வராத சூடு, மார்கழி இரவில் வந்தது. பிறகு அழுகை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அழுவேன். காரணம் கேட்டால் தெரியாது. "கர்ப்பப்பை போனதால் பெண்மை போனதாக நினைத்து அழுகிறாள்" என்று ஓரகத்தி ஊரெல்லாம் சொன்னாள். நான் அப்படி நினைக்கவே இல்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் ஒருநாள் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். கர்ப்பப்பையோடு, கருமுட்டை உண்டாகும் இரண்டு சூலகங்களையும் எடுத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜென் சுரப்பது சூலகத்தில்தான். மற்றவர்களுக்குப் பல ஆண்டுகளில் குறைவது எனக்கு ஒரே நாளில் நின்றுபோயிருக்கிறது. அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையெழுத்து, என் கைநாட்டு எதற்கும் குறைவில்லை, தாள் தாளாக வாங்கினார்கள். இன்றுவரை அந்த ஆத்திரம் எனக்கு அடங்கவில்லை.

பிறகு வேறொரு மருத்துவர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். நாற்பதுக்குள் சூலகத்தை இழந்தவர்கள், கூடாது என்பதற்கு வேறு காரணம் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரை அதை எடுத்துக்கொள்வதே எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது என்று விளக்கினார். அழுகை நின்றது. யாராவது உங்களிடம் "எடுத்துவிட்டால் நிம்மதி" என்றால், எதை எடுக்கப் போகிறீர்கள், சூலகத்தை விடுவீர்களா, ஏன் எடுக்க வேண்டும் என்று மூன்று கேள்வியையும் கேட்டுப் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில்: சிவகாசி மேசை

அக்கா, உங்கள் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். என் கடைசி வரியைப் பற்றி நீங்கள் எழுதிய இடம் வந்ததும் போனை அவரிடமே கொடுத்துவிட்டேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மாத்திரை அட்டை இப்போது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. வழி எதையும் யோசித்ததில்லை, அந்த எண்ணம் மட்டும்தான் வருகிறது. அன்று இரவு 14416இல் பேசினேன். ஒரு பெண் எடுத்தார், அவசரப்படுத்தாமல் கேட்டார், மறுபடி அவர்களே அழைத்தும் விசாரித்தார்கள்.

குழந்தை பிறந்தபின் எப்படி இருந்தேன் என்று கேட்டீர்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? மகள் பிறந்தபோது சில மாதங்கள் அவளைத் தூக்கவே பிடிக்காது. பால் கட்டிக்கொண்டு வலிக்கும், அவள் அழுவாள், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். காற்று சேட்டை என்று அம்மா மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். தானாகச் சரியாயிற்று. அதை இதனோடு நான் சேர்த்தே பார்த்ததில்லை.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

சேர்த்துப் பார்க்க வேண்டும், தங்கச்சி. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்தவர்களுக்கும், விலக்குக்கு முந்தைய நாள்களில் மனம் அதிகம் வாடுகிறவர்களுக்கும், ஹார்மோன் ஏறி இறங்கும் இந்தக் கட்டத்தில் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உங்கள் மூளை அந்த மாற்றத்தைக் கூர்மையாக உணர்கிற ஒன்று. இந்தத் தகவலை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிற்காலத்தில் மகள் கருவுற்றால் அவளிடமும் சொல்லுங்கள்.

ஹார்மோன் சிகிச்சை என்றால் புற்றுநோய் வரும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2002 ஜூலையில் அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்துவந்த ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள் என்பது ஒரு காரணம். செய்தி உலகமெங்கும் பரவி, மருத்துவர்களே சீட்டு எழுத அஞ்சினார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. விலக்கு நின்று பல ஆண்டு ஆனவர்கள். 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய மருத்துவ நிலை. மார்பகப் புற்று வந்தவர்கள், இரத்தக்கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோயாளிகள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கு அது கூடாது. அதனால்தான் முதலில் ஸ்கேன் என்றேன்.

மனச்சோர்வு மாத்திரை தந்தால் அதையும் மறுக்காதீர்கள். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், தூக்க மாத்திரைபோல் பழக்கத்துக்கு அடிமையாக்காது. மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று மட்டும் நிறுத்தக் கூடாது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று ஓர் ஆலோசனை முறை இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் இந்தக் கட்டத்து மனவாட்டத்துக்கு அதைப் பரிந்துரைக்கிறது.

மணிலாக்காட்டுத் தங்கை சொன்னதை ஒவ்வொரு பெண்ணும் படிக்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வுக் கணக்கில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 3 பேர் கர்ப்பப்பையை அகற்றியவர்கள். அந்த மூன்று பேரிடமும் சூலகத்தைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பதில்: டமாக்சிபென் தோழி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 44. மார்பகப் புற்று அறுவை முடிந்து, புற்று மறுபடி வராமலிருக்கத் தரும் டமாக்சிபென் மாத்திரை சாப்பிடுகிறேன். சூடும் அழுகையும் இவர் எழுதியதைப் போலவே இருக்கின்றன. ஹார்மோன் எனக்குக் கூடாது என்கிறார்கள். "உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் பொறுத்துக்கொள்" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கென்று எதுவுமே இல்லையா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

இருக்கிறது, கண்ணு. உயிர் பிழைத்தது அழுதுகொண்டிருக்க இல்லை. ஹார்மோன் இல்லாமலே சூட்டையும் மனவாட்டத்தையும் தணிக்கும் மாத்திரைகள் உண்டு. வென்லாபாக்சின் அவற்றில் ஒன்று. ஒரு எச்சரிக்கை மட்டும்: பராக்செடின், ஃப்ளூவாக்செடின் போன்ற சில மாத்திரைகள் டமாக்சிபென் உடலில் வேலை செய்வதைத் தடுக்கும். ஆகவே மனநல மருத்துவர் சீட்டு எழுதும் முன் "நான் டமாக்சிபென் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள், எழுதியபின் புற்றுநோய் மருத்துவரிடமும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். மேலே சொன்ன ஆலோசனை முறை சூட்டின் தொந்தரவையும் குறைக்கும். வீட்டாரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

பதில்: சிவகாசி மேசை

தாமதமாக வந்து எழுதுகிறேன், ஆல்பம் வேலை கழுத்தைப் பிடித்துவிட்டது.

விருதுநகர் போய் வந்தேன். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். நோட்டை மேசைமேல் வைத்தேன். மகப்பேறு மருத்துவர் முழுதும் படித்தார். ஹீமோகுளோபின் 8.6. 12க்கு மேல் இருக்க வேண்டியது. "இதோடு எப்படி அம்மா வேலைக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. தைராய்டு, சர்க்கரை, பி12 சரியாக இருந்தன. கர்ப்பப்பையில் சிறிய நார்க்கட்டி. துணுக்கு எடுத்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை. அங்கிருந்தே மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒன்பது கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று குறித்தார்கள். நடுத்தர மனச்சோர்வு என்றார்கள்.

இப்போது இரும்புச் சத்து மாத்திரை, மனச்சோர்வுக்கு ஒன்று, தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜென் ஜெல், கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சவ்வைக் காக்க இரவில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை. தூக்க மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்துவிட்டார்கள். முதலில் தூக்கம் திரும்பியது. மூன்று மணி விழிப்பு இன்னும் சில நாள் வருகிறது, ஆனால் அந்தப் படபடப்போடு வருவதில்லை. விடியாமலே போகட்டும் என்ற எண்ணம் வந்து நாளாயிற்று. கோபம் பாதி. ஞாபகம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதை மறைக்காமல் மேலாளரிடம் சொன்னேன். பஞ்சாங்கப் பகுதியைக் காலையிலும், விளம்பரப் பகுதியை மதியத்துக்குமேலும் மாற்றிக் கொடுத்தார். மகளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அவள் பிறந்தபோது நான் இருந்த நிலையையும் சேர்த்து. நிறையக் கேள்வி கேட்டாள்.

பழைய பாதை ஐயா, காலையில் நடக்கிறேன், கணவரும் வருகிறார். மாத்திரையையும் சாப்பிடுகிறேன்.

அக்கா, ஒரு சந்தேகம். ஜெல்லை மேற்கையில் தடவுகிறேன். தங்கை கைக்குழந்தையோடு அடுத்த வாரம் வருகிறாள். குழந்தையைத் தூக்கலாமா? தடவி எவ்வளவு நேரம் கழித்துக் குளிக்கலாம்?

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

தாராளமாகத் தூக்கலாம். தடவியதும் ஐந்து நிமிடம் காயவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தைக் குழந்தையின் தோலில் படவிடாதீர்கள். முழங்கைவரை வரும் ரவிக்கை போட்டுக்கொண்டால் அதன் பிறகும் கவலையில்லை. குளியலும் ஒரு மணி நேரம் கழித்துத்தான், அதனால் குளித்துத் துடைத்தபின் தடவுவதே வசதி. மார்பில் மட்டும் தடவக் கூடாது. ஹீமோகுளோபினை மூன்று மாதத்தில் மறுபடி பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். இரும்பு மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள்.